மிதி, பிடி, விடு

ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை.
இன்று புதன்.
வண்டி நான்கு கட்டைகளின் மேல், சக்கரம் இல்லாமல்,
மழைத்தண்ணீருக்குப் பயந்து நாற்காலியில்
காலைத் தூக்கி உட்கார்ந்தவர் மாதிரி.

தொண்ணூற்றொன்பதில் பிறந்தது.
இரண்டே இருக்கை, ஃபைபர் உடம்பு.
நிறம் சிவப்பு என்கிறது ஆர்.சி. புத்தகம்.
சென்னை வெயில் அதை ஒத்துக்கொள்வதில்லை.

"உள்ள ஒரு குண்டூசிகூட ஆடக்கூடாது" என்றார் எபினேசர்.
"வளைவுல உருண்டு வந்து
கரெக்டா பிரேக்குக்கு அடியில உக்காரும்."
எடுத்தேன்.
ஸ்டெப்னி, ஜாக்கி, சுங்கச்சாவடி ரசீதுகள்,
ஒற்றைக் கம்மல், என்னுடையது இல்லை,
எனக்கு விற்றவர்தான் யாருக்காவது பதில் சொல்ல வேண்டும்.

இருக்கையைக் கழற்றினால்
கம்பளத்தின் கீழே வண்டல்.
சாம்பல் நிறத்தில், பாளம் பாளமாய் வெடித்து.
இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர்.
வேளச்சேரியில் கதவுக் கைப்பிடி வரை நின்ற தண்ணீர்
போகும்போது இதை மறந்துவிட்டுப் போயிருக்கிறது.
கூட்டி அள்ளி, சமையலறைத் தராசில் வைத்தேன்.
ஒன்றே முக்கால் கிலோ.
நடுவில் ஒரு நத்தை ஓடு, சுண்டுவிரல் நகம் அளவு.
ஆக, இத்தனை வருடம்
ஏரியில் ஒரு துண்டை ஏற்றிக்கொண்டுதான்
விஜயநகர் சிக்னலில் எல்லோரையும் முந்தியிருக்கிறோம்.

வியாழன் புதுப்பேட்டை.
தேய்ந்த பிரேக் பேடை நீட்டினேன்.
கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்கவில்லை.
உள்ளங்கையில் வைத்து அளந்தார்,
பரணில் ஏறினார், தும்மினார், இறங்கினார்.
"இது வேற வண்டியோடது.
காது பக்கம் ரெண்டு மில்லி ராவிக்கோம்மா.
ஒக்காந்துரும்."
ராவினேன். அரம் மொட்டை, எனக்கு ஆத்திரம்.
பத்து மணிக்கு ஒருவழியாக உட்கார்ந்தது.

வெள்ளி ராத்திரி
பிரேக் குழாயில் காற்றெடுக்க வேண்டும்.
தனி ஆளால் ஆகாத வேலை,
எபினேசரோ மச்சினி கல்யாணத்துக்கு நாகர்கோவிலில்.
லுங்கியோடு படியிறங்கி வந்தார்
இரண்டாம் மாடி வரதராஜுலு.
என் சைலன்சரைப் பற்றிச் சங்கத்துக்கு
மூன்று கடிதம் எழுதியவர்.
"தூக்கம் வரல. என்ன செய்யணும்?"

முழங்கால் தாடையில் இடிக்க உள்ளே நுழைந்தார்.
நான் தரையில், இடது பின்சக்கரம்.
தூரமானதிலிருந்து தொடங்க வேண்டும்.

மிதிங்க.
மிதிச்சுட்டேன்.
பிடிங்க.
பிடிச்சிருக்கேன்.
நிப்பிளைத் திறக்கிறேன், குமிழி குமிழியாய்
பாட்டிலுக்குள் பழைய மூச்சு.
மூடுகிறேன்.
விடுங்க.

முதலில் டிகாக்‌ஷன் நிறம்.
நாலாவது தடவையில் டீ.
பிறகு மெல்ல மெல்லத் தேன்.
"இப்போ கெட்டியாயிடுச்சு" என்றார்,
அவர் காலுக்கே முதலில் தெரிந்தது.
நான்கு சக்கரமும் முடிந்தது, ஆள் இறங்கவில்லை.
ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம்,
அந்தப் பக்கம் கொஞ்சம்.
"ஒருதரம் ஸ்டார்ட் பண்ணட்டுமா?"
மணி பன்னிரண்டாகப் போகுது சார்.
"ஆகட்டுமே.
புகார் குடுக்குற ஆளு இங்கதானே இருக்கேன்."

ஞாயிறு, விடிவதற்குள் பூந்தமல்லி தாண்டிவிட்டேன்.
கதவில் கறுப்பு டேப்பில் முப்பத்தேழு,
மூன்று மட்டும் கொஞ்சம் குடித்திருக்கிறது.
சோதிக்கிற பையன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான்,
பேட்டரியை ஆட்டினான், என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
இடது பிரேக் விளக்கு எரியவில்லை.
பக்கத்து மாருதிக்காரர், பெயர்கூடத் தெரியாது,
தன் டப்பாவிலிருந்து ஒரு பல்ப் தந்தார்.
ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

செல்போனும் ஆடுகிற சாமான்தானாம்.
பையில் போடும்போது திரை மினுங்கியது.
காலை ஐந்து பத்துக்கு வரதராஜுலு:
"பிரேக் பிடிக்குதா?"

ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டுகிறேன்.
முன்னால் ஆறு வண்டிகள்.
அதற்கப்பால் நீள நேர்ச்சாலை,
அது முடியும் இடத்தில் ஒரு வலது வளைவு.
அவருக்கான பதில் அங்கே இருக்கிறது.