நான்காவது பாட்டில் ஜெனரேட்டர்

சுபாஷிணி பெள்ளியின் முதல் தனி ஆல்பம்
நேற்று ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியானது.
நான் காலை ஆறேகாலுக்குக் கேட்டேன்,
டானிங்டனில் ஏறிய குன்னூர் பஸ்ஸில்,
ஒரு காது வேலை செய்யாத இயர்போனில்.

ஒன்பது வருஷம் ஒரே மேடை எங்களுக்கு.
கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் மூன்றாம் நாள்.
நான் கீபோர்டு.
அவள் சினிமாப் பாட்டுக்கு இரண்டாம் குரல்.
இரண்டாம் குரல் என்றால் மைக்கை
வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும்
என்று அவளிடம் சொன்னது நான்தான்.
எழுதும்போது கை கூசுகிறது.

முதல் பாட்டு, இலை உருட்டும் மெஷினில் தொடங்குகிறது.
எங்கள் ஃபேக்டரி மெஷின். மூன்றாம் நம்பர்.
பேரிங் தேய்ந்து நாலு சுற்றுக்கு ஒருமுறை இருமும்.
மேஸ்திரி தினமும் திட்டுகிற அந்த இருமலைத்
தாளமாக்கி, அதன்மேல்
உருளைக்கிழங்கு நடும் பாட்டை
ஈரத்துணி மாதிரி விரித்துப் போட்டிருக்கிறாள்.

எனக்கு படுகு பாதிதான் பிடிபடும்.
நாங்கள் கப்பலேறி வந்தவர்கள்.
அப்பா கண்டியில் பிறந்து
கோத்தகிரி லயத்தில் கண் மூடியவர்.
இந்த மலையில் எந்த மொழிக்கும் நான் பக்கத்து வீடு.

எழுத்தில்லாத மொழி அது.
வரிகளைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள்,
பிழை பார்க்கச் சொல்லி.
எதைப் பிழை என்பேன்?
நாக்கை மடித்து அவர்கள் சொல்லும் உயிருக்கு
நம்மிடம் கொம்பும் இல்லை, காலும் இல்லை.
அந்த இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள்.
பூச்சி கடித்த கொழுந்து மாதிரி இருந்தது பக்கம்.

நான்காவது, சாவு வீட்டுப் பாட்டு.
போன ஞாயிறு சங்கக் கட்டடத்தில்
முப்பத்தி நாலு நாற்காலிக்கு முன்னால் போட்டுக் காட்டினாள்.
போஜ கவுடர் எழுந்தார்.
"பாட்டு நம்ம பாட்டு. பின்னால என்னம்மா டுடுடுடுன்னு?
சாவுக்கு எதுக்கு மெஷினு?"

"மாசி அத்தை செத்த ராத்திரி கரண்ட் இல்ல மாமா.
வாடகை ஜெனரேட்டர் விடியவிடிய ஓடுச்சு.
அதுக்கு மேல கத்தித்தான் எல்லாரும் அழுதோம்.
அது இல்லாம எனக்குச் சுருதி சேராது."

யாரும் கைதட்டவில்லை.
கவுடர் உட்கார்ந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
பக்கத்து நாற்காலியிடம் சொன்னார்:
"அந்த ஜெனரேட்டர் நான் கொண்டாந்தது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
நான் பாட்டுக் கேட்கவில்லை,
பாட்டுக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ஆறு ராத்திரி, அவள் வீட்டு உரக் கிடங்கில்
போர்வைகளைத் தொங்கவிட்டு,
யூரியா மூட்டைகளுக்கு நடுவே
வாசித்துக் கொடுத்திருக்கிறேன்.

கட்டபெட்டு தாண்டியது. ஐந்தாவதில் இல்லை.
ஆறாவதில் புல்லாங்குழல் மாதிரி ஏதோ.
நான் அல்ல, பிரஷர் குக்கர்.
அதைக்கூட வைத்திருக்கிறாள்.

ஏழாவது. கடைசி.
மூன்று வினாடி ஒன்றுமில்லை.
பிறகு தூரத்தில் ஓர் ஆண் குரல்:
"ஓடுது, பாடு."

என் குரல்.
ஒன்பது வருஷத்தில் நான் சொன்னவற்றில்
வைத்துக்கொள்ளலாம் என்று
அவள் எடுத்துக்கொண்ட இரண்டு சொல்.

அப்புறம் அவள் மட்டும்.
தாளம் இல்லை, மெஷின் இல்லை.
மைக்கை எவ்வளவு கிட்டே வைத்திருக்கிறாள் என்றால்
உதடு பிரிகிற ஈரம் கேட்கிறது.

கேரட் மூட்டையோடு பக்கத்தில் இருந்தவர்
என்ன பாட்டு என்று கேட்டார்.
வேலை செய்கிற காதைக் கழற்றிக் கொடுத்தேன்.

எடப்பள்ளி ஏற்றம். இரண்டாம் கியர்.
எனக்கு பஸ் மட்டும் கேட்டது.
குன்னூர் வரை அவர் திருப்பித் தரவில்லை.