சராசரிக் காத்திருப்பு: பதினொரு மணி நேரம்

மூன்றாவது ஸ்லைடில் இருந்தது அந்த எண்.
எல்டோ எண்ணியது.
பிப்ரவரியில் ஒன்பது இரவுகள்
க.க.சாவடியிலிருந்து வாளையார் வரைக்கும்
நின்றுபோன லாரிகளின் ஓரமாக நடந்து,
கதவைத் தட்டி,
எப்போ வந்தீங்கண்ணா என்று கேட்டுக் கேட்டு
ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் எழுதியது.
இரண்டு பேர் திட்டினார்கள்.
ஒருவர் கட்டஞ்சாயா வாங்கித் தந்தார்.

நடுவர்களில் பம்பு கம்பெனிக்காரர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சரி, உங்க சந்தை எதும்மா?"
"காத்திருக்கறவங்க சார்" என்றேன்.
அரங்கு கைதட்டியது.
ஐந்து வருடப் படிப்பில்
என் வாக்கியம் ஒன்றுக்கு முதல் கைதட்டல்.

இரண்டாம் பரிசு.
முதல் பரிசு ட்ரோனுக்குப் போனது.
மூன்று லட்சம், இரண்டு தவணை,
அதைச் சொல்லும் ஓர் ஆளுயர அட்டைக் காசோலை.
உக்கடத்தில் பஸ் ஏறினால்
லக்கேஜ் டிக்கெட் போடு என்றார் நடத்துனர்.
போட்டோம்.
எங்கள் முதல் செலவுச் சீட்டு அது;
கோப்பில் இன்னும் இருக்கிறது.

மூடிய பரோட்டாக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து
நான்கு வாஷிங் மெஷின் இறக்கினோம்.
டிரையர் வாங்கவில்லை.
கணவாய்க் காற்று இருக்கையில் அது எதற்கு?
கொடியில் போட்டால் முக்கால் மணி நேரம்;
கிளிப் போடாவிட்டால் கேரளா.

நாசிக் வெங்காயம் மணக்கும் போர்வை,
அரியலூர் சிமென்ட் இறுகி
தானாகவே நிற்கும் கால்சட்டை,
எப்போதோ நடந்த கல்யாணத்தின்
சந்தனம் போகாத வேட்டி.
சஃபீனாவுக்கு யார் பெயரும் தெரியாது,
வண்டி எண்ணின் கடைசி நான்குதான்.
"நாலு நாலு ஒண்ணு ஏழு, காலருக்கு நீலம் கேட்டாரு."
"தொண்ணூத்தி ரெண்டு பதிமூணு, பித்தான் போச்சு."
மூன்று மாதம் இப்படி.
ஜூன் கடைசியில்
மூவருக்கும் ஆளுக்கு நாலாயிரத்து இருநூறு.
எல்டோ அம்மாவுக்கு ஒரு குடை வாங்கினான்.

அப்புறம் அந்த ஜூலை.
நாடு முழுக்க ஒரே வரி என்றார்கள்.
நள்ளிரவில் சோதனைச்சாவடியின் கட்டை
மேலே போனது,
இறங்கவில்லை.
விடிந்து கடையைத் திறந்தால்
சாலை இருந்தது, வெறும் சாலை.
அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன.
தெரிந்த முகங்கள் கையசைத்தன, சிரித்தபடி.
இத்தனை பேருக்கு நல்லது நடக்கும்போது
எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அழுவது?
நாங்களும் கையசைத்தோம்.

அலமாரியில் வாங்காத மூட்டைகள் இருபத்துமூன்று.
போன் நம்பர் வாங்கியிருக்க வேண்டும்;
நான்தான் வேண்டாமென்றேன்,
எங்கே போய்விடப் போகிறார்கள் என்று.

சஃபீனா அட்டைக் காசோலையைத் திருப்பி
முதுகில் மார்க்கரால் எண்களை எழுதினாள்.
சாலையோரம் தூக்கிப் பிடித்து நின்றாள்,
தேர்வு முடிவுப் பலகை மாதிரி.
முதல் நாள் நான்கு வண்டிகள் பிரேக் போட்டன.
வாரக் கடைசிக்குள் பத்தொன்பது.
நாமக்கல்காரர் ஒருவர்
வண்டியை அணைக்காமலே மூட்டையை வாங்கினார்.
"இங்க நிறுத்தாதீங்க கண்ணு.
மார்க்கெட்ல சரக்கு இறக்க ரெண்டு நாள் கெடக்கறோம்,
குளிக்கத் தண்ணி கெடையாது.
அங்க வாங்க."

மறுநாளே எல்டோ திருச்சூர் பஸ் ஏறினான்,
அதே நோட்டோடு.

இப்போது இரண்டாம் தவணைக்கான படிவம்
என் முன்னால் இருக்கிறது.
சந்தை நிலவரம்: இரண்டு வரிக்கு மிகாமல்.
அடித்து அடித்து எழுதுகிறேன்.
இரவு பதினொன்றே காலுக்கு எல்டோ கூப்பிட்டான்,
பின்னால் எங்கோ வாழைத்தார் இறக்கும் சத்தம்.
"இவிடெ க்யூ உண்டு" என்றான்.
"எத்தனை மணி நேரம்டா?"
"எண்ணிட்டிருக்கேன், வச்சிரு."

கையிருப்பு என்ற கட்டத்தில்
மெஷின் நான்கு, சோப்புத்தூள் பதினாறு கிலோ,
நீலக் காலர்ச் சட்டை ஒன்று.
நாலு நாலு ஒண்ணு ஏழு
இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.
தூசி படிகிறதென்று சஃபீனா
நேற்று அதை மறுபடி துவைத்துப் போட்டாள்.
கணக்கில் எழுதாதே என்றாள்.
எழுதவில்லை.