கட்டையோடு நில்

நார்தாம்ப்டன் நகரசபையில் சாக்கடைப் பேச்சை எடுத்ததும்
"செருப்புத் தைப்பவன் தன் கட்டையோடு நிற்கட்டும்" என்றார்
ஸ்கிரிவன் துரை.
சிரித்தார்கள். உன் வேலையைப் பார் என்பதை
அங்கே அப்படித்தான் சொல்வார்கள்,
வசவைவிடக் கொஞ்சம் மரியாதையாக.

கட்டை என்றால் மரத்தில் இழைத்த பாதம்.
காலுக்கொன்றாய்ப் பெயரெழுதி
ஜாப் டெபட்டின் சுவரில் தொங்கும்.
அந்தச் சொல்லுக்கு அவர்களின் பழைய மொழியில்
காலடித் தடம் என்று பொருள்.

அடுத்த கூட்டத்தில்
கோணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்
துரையின் இடக்காலை.
"கட்டையோடுதான் நிற்கிறேன், ஐயா.
உங்கள் பெருவிரல் முண்டுக்குப் பதினோரு வருஷமாய்த்
தோல் ஒட்டி ஒட்டி உயர்த்தியவன் நான்.
அடி மாற்ற வந்த பூட்ஸைச் சுரண்டினேன்:
தேவாலயத்துச் சரளை,
வங்கிப் படியின் சுண்ணாம்பு,
லாயத்து வைக்கோல்.
எங்கள் தெருச் சேறு
நகக்கண் அளவும் இல்லை."

யாரோ இருமினார்கள்.
துரை குனிந்து
மேசைக்கடியில் தன் காலைப் பார்த்தார்.

அன்றிரவும் சாக்கடை பொங்கியது.
நனைந்த கட்டையைத் துடைத்து
அதே ஆணியில் மாட்டினான் ஜாப்.
மார்ச்சில் துரைக்குப் புது ஜோடி வேண்டும்.