ஏழாம் குழாய்

சீனக்குடாவில் மழை விட்ட காலை.
தாங்கிகளின் துருவிலிருந்து
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.
ஏழாம் குழாயின் மூடியைத் திறக்கிறேன்.
முதலில் மேலே வருவது தண்ணீரல்ல,
மணம்.

யாரோ எப்போதோ சிந்தியது.
கப்பலுக்கென்று கொண்டுவந்த எண்ணெய்,
போருக்கென்று.
எந்தப் போர் என்று கேட்டால்
மண் கைவிரிக்கும்.
மணலின் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு
எத்தனையோ மாரி கண்டும்
நனையாமல் கிடக்கிறது.

உண்ண ஆளில்லாமல் இல்லை.
ஒரு சிட்டிகை மண்ணுக்குள் கோடி வாய்கள்.
ஆனால் அவை தண்ணீரில் குடியிருப்பவை,
எண்ணெயோ தண்ணீருக்குள் இறங்காது.
பந்தி உட்கார்ந்தாயிற்று,
பானையில் சோறும் இருக்கிறது,
நடுவே கதவு சாத்தியிருக்கிறது.

அதற்குத்தான் இந்த நுரை.
பூவந்திக் கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த சாறு.
தலை தண்ணீரைப் பார்க்கும், வால் எண்ணெயைப் பார்க்கும்.
பெருந்துளியைச் சிறுதுளியாய்ப் பிய்த்து
வாய்க்கு எட்டச் செய்யும்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
குழாயைச் சுற்றி வந்து சொன்னார்:
"உங்கட ஊருக்கும் இப்படியொண்டு வேணும்,
ஒட்டாத ஆக்களை ஒட்டவைக்க."
எல்லோரும் சிரித்தார்கள்.
பம்புக்குக் குனிந்திருந்த கைலேஸ்வரன்
நிமிராமலே சொன்னான்,
"ஐயா, இது ஒட்டவைக்கிறதில்லை.
கழட்டி விடுறது."

வைகாசியில் நான் அவசரப்பட்டேன்.
அறிக்கைக்கு நாள் நெருங்கியிருந்தது.
லீற்றருக்கு அரைக் கிராம் என்றிருந்ததை
இரண்டாக்கினேன்.
கைலேஸ்வரன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு வாளியைப் பார்த்தான்,
ஊற்றினான்.

மூன்றாம் கிழமை
வேலிக்கு அப்பால் பல்கீஸின் கிணற்றில்
வாளியோடு வானவில் ஏறி வந்தது.
கழன்ற எண்ணெய்க்குக் கால் முளைத்திருந்தது.
அதைத் தின்ன வேண்டியவையோ
இலேசாய்ச் செரிக்கும் நுரையைத் தின்றுவிட்டு
மூச்சு முட்டிக் கிடந்தன.

அவள் ஏசவில்லை.
அப்பக் கடைக்கு மா கரைத்த கையோடு
ஒரு கோப்பை தேநீர் நீட்டினாள்.
"அந்தத் தண்ணிதான்.
குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

நான் குடிக்கவில்லை.
அதுதான் பதில் என்பதுபோல்
கோப்பையைத் திரும்ப வாங்கி
முற்றத்தில் ஊற்றினாள்.
ஈரத்தின் மேல் மெல்லிய நிறங்கள்
கொஞ்ச நேரம் நின்றன.

அறிக்கையில் எழுதினேன்:
அளவு என்னுடைய தவறு.
அந்த ஒரு வரிக்கு
ஓர் இரவு முழுக்கப் போயிற்று.
பவுசர் வந்தது, அவளுக்குக் குடிதண்ணீர்.
எல்லையில் இரண்டு குழாய் புதிதாய் இறக்கி
ஓடியதை இழுத்துப் பிடித்தோம்,
முடிந்தவரை.

இப்போது ஒரு கரண்டி நுரை,
சோற்றுக்கு உப்புப் போலக் கொஞ்சம் பொஸ்பேற்று,
மற்றதெல்லாம் காற்று.
ஊதும் இயந்திரம் இரவு முழுக்கக்
குறட்டை விடுகிறது.
கண்ணுக்குத் தெரியாதவை சாப்பிடும் வேகத்துக்கு
நாங்கள் நடக்கப் பழகுகிறோம்.

இன்றைக்கு மணம் குறைந்திருக்கிறதா,
என் மூக்குத்தான் பழகிவிட்டதா?
மூக்கை நம்ப முடியாது.
போத்தலில் எடுத்துத் திகதி எழுதி
ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன்.

வேலிக்கு அப்பால்
பல்கீஸ் வாளியை இறக்குகிறாள்.
குடிக்க அல்ல, கழுவவும் அல்ல,
நாளுக்கு ஒரு வாளி, பார்ப்பதற்கு மட்டும்.
கயிறு உராய்கிறது. நிற்கிறது.
அவள் குனிந்து முகரும் நேரம் அவ்வளவும்
மூடியைக் கையில் பிடித்தபடி
மூச்சு விடாமல் நிற்கிறேன்.