இடது பக்கம்

லேமிங்டன் ரோட்டில் கேதன் பாய் கடையில்
இரண்டாயிரத்து அறுநூறுக்கு வாங்கிய பொட்டலம்.
ஒரு பச்சைப் பலகை, ஒரு பிடி ரெசிஸ்டர்,
ஒன்பது கால் உள்ள வால்வு இரண்டு,
சீன எழுத்தில் ஒரு தாள்.
படம் புரிந்தது. போதும் அது.

எஸ்தர் சப்பாத்திப் பலகையை ஒளித்துவைத்தாள்.
போன தடவை அதில்தான் ஈயம் சொட்டியது.
ஆகவே தையல் மெஷின் மேசையில் உட்கார்ந்து
பழுப்பு கறுப்பு ஆரஞ்சு, பழுப்பு கறுப்பு ஆரஞ்சு என்று
வாய்க்குள் சொல்லிச் சொல்லிச் சுட்டுவைத்தேன்.
பத்தாயிரம் ஓம்.
ஜூலை ஈரத்தில் புகை மேலே போகாமல்
கொடியில் தொங்கிய சீருடைக்குள் புகுந்துகொண்டது.
மறுநாள் ஆஸ்பத்திரியில் சாவந்த் மோந்து பார்த்து
வீட்டில் ஏதாவது பூஜையா என்றான்.

ஐந்தாம் ராத்திரி சுவிட்சைப் போட்டேன்.
ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு கண்ணாடிக்குள்ளும்
பீடி முனை அளவுக்கு ஒரு சிவப்பு.
வயலின் வந்தது.
வில் திரும்பும் இடத்தில்
வாசிப்பவர் மூச்சிழுப்பதுகூட வந்தது.
அதன் பின்னால், இடது பக்கம்,
உயிரெழுத்து ஒன்றை யாரோ
விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்:
ஈ.

கோளாறைப் பிடிக்க ஒரு வழி உண்டு.
ஆறவிடு. துணி வைத்துப் பிடி.
அசைத்து அசைத்துப் பிடுங்கு.
இடத்தை வலத்தில் செருகு, வலத்தை இடத்தில்.
சத்தம் கூடவே போனால் வால்வு கெட்டது.
போகாவிட்டால் பலகை.

போகவில்லை.

சுட்ட இடமெல்லாம் மறுபடி சுட்டேன்.
ட்ரான்ஸ்ஃபார்மரை ஒரு சாண் தள்ளி வை
என்றார் கேதன் பாய், தள்ளினேன்.
எர்த் கம்பியை மாற்றினேன்.
அப்படியும் மனசு கேட்காமல்
ரஷ்ய ஜோடி ஒன்று வாங்கினேன்.
வயலினுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது மாதிரி இருந்தது.
வெள்ளிக்கிழமை சோர் பஜாரில்,
ஒற்றைச் செருப்புகளுக்கும் கார் கண்ணாடிகளுக்கும் நடுவே,
பெங்களூரில் செய்த ஜோடி, எழுத்து பாதி அழிந்தது.
அதைப் போட்டால் வில்லில் எத்தனை முடி என்று எண்ணலாம்.
ஈ மட்டும்
எண்ணெயும் தேய்த்துக்கொள்ளவில்லை,
முடியும் காட்டவில்லை.

வடாலாவிலிருந்து கடைசி வண்டி போன பிறகு
ஒரு ராத்திரி தோன்றியது.
எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தாயிற்று,
ஹெட்போனைத் திருப்பவில்லை.
திருப்பி மாட்டினேன்.
வயலின் அந்தப் பக்கம் போனது.
ஈ இந்தப் பக்கமே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன்.
சிவப்பு அணைய ஏழெட்டு நொடி.
கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
காத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி அடித்தளத்தில் ஜெனரேட்டர் இரண்டு.
மீட்டர் பலகை வலது சுவரில்.
அதைப் பார்த்து நின்றால்
இடது காது எஞ்சினுக்கு.
பதினேழு வருஷம், மாதம் நான்கு சோதனை ஓட்டம்,
மின்சாரம் போன நாட்கள் தனி.
பஞ்சு வைத்துக்கொள் என்று எழுதித்தான் ஒட்டியிருக்கிறது.

எஸ்தர் புரண்டு படுத்துக் கேட்டாள்,
இன்னுமா சரியாகவில்லை?
மெஷினில் கோளாறு இல்லை என்றேன்.
அப்பாடா, என்று தூங்கிவிட்டாள்.

அநியாயமாகச் சந்தேகப்பட்ட ஆறு வால்வுகளையும்
அவள் பழைய பனியன் துணியில் சுற்றிவைத்திருந்த
பொத்தான் டப்பாவிலேயே வைத்தேன்.

சாவந்திடம் மட்டும் சொன்னேன்.
மூன்றாவது மாடி, வியாழக்கிழமை,
ஈ.என்.டி. என்றான்.
முதல் எழுத்தைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.
அவனுக்கு மராத்தியில் விளக்க முடியவில்லை.
அந்த மாடிக்கு இதுவரை
கரண்ட் மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன்.

இன்று புதன்.
மழை கொஞ்சம் நின்றிருக்கிறது.
ரஷ்ய ஜோடியைப் போடலாம்.
இல்லை, பெங்களூர்.