உறக்கம் பார்த்தல்

இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால்
நாலு வட்டும் தாமாகவே தூங்கிவிடும் என்றார்
கோயம்புத்தூரில் பெட்டியை விற்ற ஆரோக்கியசெல்வன்.
தூங்கியது எப்படித் தெரியும்?
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கோத்தகிரிக்குக் கடைசி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

விளக்கை நம்ப முடியாது.
உறங்கினாலும் விழித்தாலும் அதே பச்சை.
கணினியில் திறந்து பார்த்தால்
நாலுக்கும் நேரே 'இயக்கத்தில்'.
நள்ளிரவில் பார்த்தேன், இயக்கத்தில்.
மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன்,
இயக்கத்தில்.
நாலாம் நாள்தான் உறைத்தது,
நான் வந்து பார்த்ததைக்
குறித்துவைக்கத்தான் அவை எழுகின்றன.
கதவைத் தட்டித் தட்டித்
"தூங்கிட்டியா?" என்று கேட்கிற ஆள்
நான்தான்.

பிறகு கரண்டி.
எவர்சில்வர் காம்பைப் பெட்டியில் ஊன்றி
குழிந்த பக்கத்தைக் காதில் வைத்தேன்.
முதலில் மழை கேட்டது, தகரத்தில்.
அதற்கடியில் கீழ் வீட்டு மோட்டார்.
அதற்கும் அடியில், மெல்லிசாக,
வாய் திறக்காமல் ஒருவர் 'ம்' கொட்டுவதுபோல
வட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன.
அவற்றில் பன்னிரண்டு வருடக் கல்யாணங்கள்.
ஆல்பம் வாங்க வராதவர்கள்,
பாக்கி வைத்தவர்கள்,
எல்லாப் படத்தையும் அழித்துவிடு என்று
தனித்தனியாகப் போன் செய்த ஒரு ஜோடி.
(அழிக்கவில்லை. சரியென்று மட்டும் சொன்னேன்.)

போர்வைக்குள்ளிருந்து ஜெசிந்தா கேட்டாள்:
"நாடி எப்படி இருக்கு, டாக்டர்?"

யாரோ எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.
ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை,
சில இரவுகளில் நாலுக்கு ஒருமுறை.
வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில்
கேட் கேமரா.
காட்டெருமை கேரட் பாத்தியை மிதித்த வருடம் மாட்டியது.
'ஆள் நடமாட்டம்' என்று தலைப்பிட்டு
ஒரே இரவில் முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்.
உட்கார்ந்து பார்த்தேன்.
வெள்ளை.
வெள்ளை.
கொஞ்சம் குறைந்த வெள்ளை, அதில் கேட்டின் தாழ்ப்பாள்.
மறுபடி வெள்ளை.
பள்ளத்திலிருந்து ஏறி வரும் மூடுபனியை
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவையும்
மனிதனென்று எண்ணி
வட்டுகளை எழுப்பி எழுதச் சொல்லியிருக்கிறது.

கேமராவை அணைத்தேன்.
இருபதாம் நிமிடம் 'டக்' என்று ஒன்று,
சற்றுப் பொறுத்து இன்னொன்று,
பின் இரண்டும் சேர்ந்து.
கரண்டியில் மழை மட்டும் மிச்சம்.
அன்று நானும் தூங்கினேன்.

ஐப்பசி. பதினோரு நாள் விடாத மழை.
அரவேணுவில் ஒரு நிச்சயதார்த்தம்.
லென்ஸை எடுக்க அலமாரியைத் திறந்தால்
உள்ளே கிணற்றுக் குளிர்.
எண்பத்தைந்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன்.
கண்ணாடிக்கு உட்புறம், ஓரத்தில்,
வெந்தய முளையின் வேர்போல் ஒரு வெள்ளை இழை,
அதிலிருந்து கிளைத்து இன்னொன்று.

இந்த ஊரில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ்
என்னிடம் மட்டும்தான் என்று
மூன்று வருடம் பீற்றியிருக்கிறேன்.
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத்தான் புகழ்ந்தேன்.
கீழ்த்தட்டில் கண் அயராமல் கிடந்து
மேல்தட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தவற்றைத்தான்
கரண்டி வைத்துக் கண்டுபிடித்து
தாலாட்டித் தூங்க வைத்தேன்.

கேமராவை மறுபடி போட்டாயிற்று.
இருட்டியதும் பனி வருகிறது, கேட்டருகே நிற்கிறது.
ஆள் என்கிறது கேமரா.
வட்டுகள் எழுந்து அதை எழுதிக்கொள்கின்றன,
அந்தச் சூட்டில் அலமாரி காய்கிறது.
பனியைப் பனியே விரட்டட்டும்,
கரண்ட் பில்லை நான் கட்டுகிறேன்.
தை பிறந்து வெயில் சுள்ளென்று அடித்தால்
அப்போது தூங்கட்டும்.

எண்பத்தைந்து கோயம்புத்தூர் போயிருக்கிறது, சுத்தம் செய்ய.
அது இருந்த இடத்தில்
ஜெசிந்தா ஈரச் சாக்ஸை வைத்திருக்கிறாள்.
காலையில் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.