அரை நூல்

பாஞ்சோவின் விளிம்பு
முன்கையில் சிவப்பாய் ஒரு கோடு போட்டுவிடும்.
பிரஷர் பார்த்த நர்ஸ்
"வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.
வாத்தியம் என்றேன். நம்பவில்லை.

ரோனோக்கில், ரயில்பாதை ஓரக் கடையில்
டுவெயின் மூன்று கைத்தாங்கி எடுத்துவைத்தான்.
பித்தளை, ஜனவரியில் சுள்ளென்கிறது.
மேப்பிள் அழகுதான்; மணிக்கட்டைத் தூக்கிவிட,
விரல்கள் குதிரைக்கு எட்டாமல் தவிக்கின்றன.
வால்நட், பதினெட்டு டாலர்,
யாரோ திருப்பிக் கொடுத்தது.

ராத்திரி சமையல் மேசையில்
திருகைத் தளர்த்தி ஒரு நூல் இறக்கினேன்.
மறுபடி அரை நூல் ஏற்றினேன்.
"இன்னுமா?" மாடியிலிருந்து இளம்பரிதி.
இன்னும்தான்.

மார்ச்சில் மறுபடி சட்டைக்கையை மடிக்கிறேன்.
கோடு இல்லை.
நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை,
தப்பி வந்தவளைத் தட்டிக்கொடுப்பதுபோல்
தோளைத் தட்டினாள்.